மூத்தவர் கையெழுத்து செல்லுமா?

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்து கொண்ட சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் நிர்வாகிகளே, வியாபாரப் பெருமக்களே, கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்திருக்கும் இளைஞர்களே! இட ஒதுக்கீடு பற்றியோ வக்ஃப் சொத்துக்கள் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நம் வீட்டுப் பின்கட்டில் இருப்பவர்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. இன்று அவர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

எந்தத் தெருவை வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளுங்கள். மூளை வளர்ச்சி குன்றிய ஒரு தம்பி இருப்பான். பிறவியிலேயே கை கால் இழுத்துக் கொண்ட ஒரு தங்கை இருப்பாள். பக்கவாதத்தில் பேச்சு போன வாப்பா இருப்பார். பெற்ற பிள்ளையையே "நீ யாரு தம்பி?" என்று கேட்கும் உம்மா இருப்பார். இவர்களுக்கும் சொத்தில் பங்கு உண்டு. புத்தி சரியில்லை என்ற காரணத்தால் ஒரு வாரிசின் பங்கை ஷரீஅத் ஒரு பைசா கூடக் குறைக்கவில்லை. ஆனால் அந்தப் பங்கு இன்று யார் கையில் இருக்கிறது? அதன் வாடகையை யார் வாங்குகிறார்கள்? அவர்கள் சார்பில் பத்திரத்தில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்? யார் கொடுத்த அதிகாரத்தில் போடுகிறார்கள்?

"மூத்த மகன் பார்த்துக் கொள்கிறார்" என்பதுதான் எல்லா ஊரிலும் கிடைக்கும் பதில். நல்லது, பார்த்துக் கொள்ளட்டும். சோறு போடட்டும், மருந்து வாங்கிக் கொடுக்கட்டும். ஆனால் சொத்து விஷயத்தில் மூத்தவர் என்பது ஒரு பதவியா? அப்படி ஒரு பதவி ஷரீஅத்திலும் இல்லை, இந்த நாட்டுச் சட்டத்திலும் இல்லை.

ஷரீஅத் யாரைச் சொல்கிறது?

சொத்துக்குப் பொறுப்பாளர் யார் என்று நம் ஃபிக்ஹு நூல்கள் வரிசை சொல்கின்றன. ஹனஃபி மத்ஹபின்படி முதலில் தகப்பன். அவர் நியமித்துவிட்டுப் போன வஸீ. பிறகு தகப்பனின் தகப்பன். அவர் நியமித்த வஸீ. இவர்கள் யாரும் இல்லையென்றால் பொறுப்பு காஜிக்குப் போகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் தகப்பனின் வஸீக்கு முன்னால் பாட்டனார் வருவார். இரண்டு வரிசையிலுமே அண்ணன் இல்லை, சிறிய தகப்பன் இல்லை, மாமன் மச்சான் இல்லை. நிக்காஹ்வுக்கு வலியாக நிற்பதற்கு அண்ணனுக்கு இடம் உண்டு. அந்த உரிமையைத்தான் நம்மவர்கள் அப்படியே சொத்துக்கும் இழுத்துக் கொண்டு வந்துவிட்டார்கள்!

தாயின் பெயரும் பழைய வரிசையில் இல்லை. 1918இல் பிரிவி கவுன்சில் தீர்த்த இமாம்பந்தி வழக்கு சட்டம் படித்த எல்லோருக்கும் தெரியும். தகப்பனை இழந்த மைனர் பிள்ளைகளின் நிலத்தைத் தாய் விற்றார். தாயாகவே இருந்தாலும், நடைமுறையில் பிள்ளையைப் பராமரிப்பவர் என்ற ஒரே காரணத்தால் மைனரின் அசையாச் சொத்தை விற்க அவருக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பு வந்தது. பெற்ற தாய்க்கே இந்த நிலை என்றால் அண்ணன் எங்கே நிற்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே ஒரு சகோதரர் எழுந்து, "அதனால்தான் நாங்கள் ஜமாஅத் லெட்டர் பேடில் எழுதிக் கொடுக்கிறோம்" என்று சொல்லலாம். ஜமாஅத்தின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் காஜி என்று ஃபிக்ஹு சொல்லும் இடத்தில் இந்த நாட்டில் இருப்பது நீதிமன்றமும், சட்டம் அதிகாரம் கொடுத்த அமைப்புகளும்தான். 1880ஆம் ஆண்டு காஜிகள் சட்டமே, இதனால் காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ வந்துவிடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஜமாஅத் கடிதம் உறவுமுறைக்கு நல்ல சாட்சி. அதை வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு சென்ட் நிலத்தையும் மாற்ற முடியாது.

குர்ஆன் இந்த விஷயத்தைத் தொடாமல் விடவில்லை. புத்திக் குறைவானவர்கள் கையில் செல்வத்தைக் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லும் அந்நிஸா அத்தியாயத்தின் 5ஆம் வசனம், அந்தச் செல்வத்திலிருந்து அவர்களுக்கு உணவும் உடையும் கொடுங்கள், அவர்களிடம் நல்லவிதமாகப் பேசுங்கள் என்றும் கட்டளையிடுகிறது. முதல் பாதியை நாம் எவ்வளவு பக்தியோடு அமல் செய்கிறோம்! இரண்டாம் பாதி? வருடத்துக்கு ஒரு கைலி, பெருநாளைக்கு ஒரு சட்டை, ஆள் வந்தால் "உள்ளே போ" என்று ஓர் அதட்டல். அடுத்த வசனம் அநாதைகளின் சொத்தைப் பற்றியது. வசதியுள்ள பொறுப்பாளர் அதிலிருந்து எதையும் எடுக்காமல் ஒதுங்கிக் கொள்ளட்டும், ஏழையானவர் நியாயமான அளவு எடுத்துக் கொள்ளட்டும், திருப்பி ஒப்படைக்கும்போது சாட்சி வைத்துக் கொள்ளுங்கள் என்கிறது. கடன் பத்திரத்தைப் பற்றிய நீண்ட வசனத்தில், அல்பகராவின் 282இல், கடன் வாங்குபவர் புத்திக் குறைவானவராகவோ பலவீனராகவோ வாசகம் சொல்ல இயலாதவராகவோ இருந்தால் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்லட்டும் என்று வருகிறது.

இமாம்கள் இதில் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் தெரியுமா? ஊதாரியாகச் செலவு செய்யும் வயது வந்தவனைக் கட்டுப்படுத்தலாமா என்ற கேள்வியில் இமாம் அபூஹனீஃபா கூடாது என்றார். 25 வயதானவனிடம் அவன் சொத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் கருத்து. அவருடைய மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் கட்டுப்படுத்தலாம் என்றார்கள். இமாம் ஷாஃபிஈயும் அப்படியே. ஒரு மனிதனின் சொத்து அதிகாரத்தைப் பறிப்பது சாதாரணக் காரியமல்ல என்று அந்தக் காலத்திலேயே விவாதித்திருக்கிறார்கள். நாமோ தெருத் திண்ணையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறோம்!

18 வயது முடிந்த அன்று

இப்போது நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். மகனுக்கு வயது 30, புத்தி 5 வயதுப் பிள்ளையின் புத்தி. தகப்பனார் தைரியமாக இருக்கிறார், "நான் பெற்றவன், நான்தானே கார்டியன்" என்று. புத்தி தெளியாமலே பருவமடைந்த பிள்ளையின் மீது தகப்பனின் பொறுப்பு நீடிக்கிறது என்பதுதான் ஷரீஅத். ஆனால் 1890ஆம் ஆண்டு கார்டியன்கள் சட்டம் மைனர்களுக்கு மட்டுமே உரியது. 18 முடிந்த அன்று அந்தப் பிள்ளை சட்டத்தின் கண்ணில் மேஜர். பேங்க் மேனேஜர் தகப்பனிடம் காகிதம் கேட்பார். கேட்கத்தான் வேண்டும்.

அந்தக் காகிதம் கிடைக்கும் இடம் வெகு தூரத்தில் இல்லை. 1999இல் நாடாளுமன்றம் நேஷனல் டிரஸ்ட் சட்டத்தை இயற்றியது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, ஒன்றுக்கு மேற்பட்ட ஊனங்கள் ஆகிய நான்கு நிலைகளுக்கு இது பொருந்தும். மாவட்டத்துக்கு ஒரு குழு. அதில் கலெக்டர் நிலை அதிகாரி, பதிவு பெற்ற ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் இருப்பார்கள். பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். பெற்றோர் இறந்துவிட்டால் உடன் பிறந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். வக்கீல் வைத்து வருடக்கணக்கில் வழக்கு நடத்தும் வேலையில்லை. எந்த மதத்தவருக்கும் இதே சட்டம்தான். பழைய வரிசையில் இடமில்லாத தாய் இங்கே தகப்பனுக்குச் சமமாக நின்று கேட்கலாம் என்பதைப் பெண்மக்களிடம் போய்ச் சொல்லுங்கள். இந்தக் குழு தரும் சான்றை ஏற்றுக் கணக்குத் தொடங்கவும் இயக்கவும் அனுமதிக்கும்படி 2007இலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

சான்று கைக்கு வந்துவிட்டால் வீட்டை விற்றுவிடலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். இவருக்குப் பாதுகாவலர் தேவையா, தேவையென்றால் எந்தக் காரியங்களுக்குத் தேவை என்று பார்த்துத்தான் குழு கொடுக்கிறது. நியமனம் ஆன 6 மாதத்துக்குள் கைக்கு வந்த அசையும் சொத்து, அசையாச் சொத்து, வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய கடன் எல்லாவற்றுக்கும் பட்டியல் கொடுக்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த 3 மாதத்துக்குள் வரவு, செலவு, இருப்புக் கணக்கு. வியாபாரிகளுக்கு இது புதிதா என்ன? மார்ச் 31 முடிந்தால் ஆடிட்டரைத் தேடி ஓடுகிறவர்கள்தானே நாம்! தம்பியின் கடை வாடகைக்கு ஒரு தனிப் பேரேடு போடுவது மட்டும் நமக்கு அவமானமாக இருக்கிறது. "என் தம்பிக்கு நான் கணக்குக் காட்டணுமா?" என்று கோபம் வருகிறது. ஆம், காட்ட வேண்டும். சொத்தைக் கையாடினாலோ, கவனிக்காமல் விட்டாலோ, அந்த மனிதரைக் கொடுமைப்படுத்தினாலோ வேறொரு உறவினர் குழுவிடம் மனுப்போட்டுப் பாதுகாவலரை நீக்கலாம். நீக்கப்பட்டவர் சொத்தை ஒப்படைத்துக் கணக்கும் சொல்லியாக வேண்டும்.

விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. பாதுகாக்கப்பட வேண்டியவர் பெண்ணாக இருந்தால் தனி ஆணைப் பாதுகாவலராக நியமிப்பதில்லை. அவருடைய மனைவியையும் சேர்த்துத்தான் நியமிப்பார்கள். இதற்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அண்ணனே வாங்கும் பங்கு

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. இது 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முடிந்த உதவியெல்லாம் செய்த பிறகும் சட்டப்படி செல்லுபடியாகும் முடிவை ஒருவரால் எடுக்க முடியவில்லை என்றால் மாவட்ட நீதிமன்றமோ, அரசு அறிவித்த அதிகாரியோ 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' ஒருவரைக் கொடுக்கலாம். குறிப்பிட்ட காரியத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். அதுவும் அவரைக் கலந்து பேசி, அவருடைய விருப்பப்படி. ஆயுள் முழுக்க ஒருவர் தலைமேல் உட்கார்ந்து கொள்ளும் அதிகாரத்தை இந்தச் சட்டம் விரும்பவில்லை. மூளை முடக்குவாதத்தில் வாய் குழறும், கை நடுங்கும். பலருக்குப் புத்தி நம்மைவிடத் தெளிவாக இருக்கும். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் "அதுக்கு என்ன தெரியும்?" என்று அஃறிணையில் பேசுகிறோம்.

இதே சட்டத்தின் 13ஆவது பிரிவை நம் பஜாரில் எழுதி ஒட்டலாம். உதவி செய்பவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் ஒரு பண விவகாரத்திலோ சொத்து விவகாரத்திலோ நலன் முரண்பட்டால், உதவி செய்பவர் அந்த விவகாரத்திலிருந்து விலகிக் கொள்ள வேண்டும். இரத்த உறவு என்பதாலேயே முரண்பாடு இருப்பதாக நினைத்துவிடக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது, அது நியாயம்தான். ஆனால் நடப்பது என்ன? பாகப்பிரிவினை நடக்கிறது. முன்பக்கக் கடை அண்ணனுக்கு, பின்பக்கக் கிணற்றடி தங்கைக்கு. பிறகு தங்கையின் பங்கையும் "நான்தானே பார்த்துக்கறேன்" என்று அண்ணனே ஒரு விலை போட்டு வாங்கிக் கொள்கிறார். விற்பவருக்காகப் பேசியவரும் அவர், வாங்கியவரும் அவர்! மதிப்பீடு செய்தவர் அவருடைய மச்சான். நாளைக்கு இது நீதிமன்றத்துக்குப் போனால் நிற்காது. மறுமையில் எப்படி நிற்கும் என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள்.

பவர் பத்திரம் எப்போது சாகிறது?

வியாபாரிகள் இதைக் குறிப்பாகக் கேட்க வேண்டும். வாப்பா நல்ல நிலையில் இருக்கும்போது மகனுக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து மூளையில் இரத்தக் கசிவு. படுக்கையில் இருக்கிறார், யாரையும் தெரியவில்லை. "பவர்தான் இருக்கே" என்று மகன் குடோனை விற்கிறார். செல்லாது சகோதரர்களே! 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவுப்படி அதிகாரம் கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. எந்த நேரத்துக்காக என்று நினைத்து எழுதினாரோ, அந்த நேரத்தில்தான் அது செத்துப் போகிறது. வெளிநாடுகள் சிலவற்றில் அதன் பிறகும் உயிரோடிருக்கும் பவர் உண்டு. வளைகுடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் சொன்னார் என்று அதை இங்கே நம்ப வேண்டாம்.

அப்படியானால் என்ன வழி? முன்பிருந்த 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் சொத்துக்கு மேலாளரை நியமிக்க ஏற்பாடு இருந்தது. 2018இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் அது இல்லை. அதில் வரும் 'நியமனப் பிரதிநிதி' சிகிச்சை விஷயத்துக்கு மட்டும். ஆகவே கோமாவில் கிடப்பவர்களின் குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தைத்தான் நாடுகின்றன. கேரள உயர் நீதிமன்றம் 2019இல் இதற்கு வழிமுறைகளை வகுத்தது. மருத்துவர்களின் அறிக்கை, குடும்பத்தைப் பற்றி வருவாய்த் துறையின் அறிக்கை, பாதுகாவலர் அவ்வப்போது நீதிமன்றத்துக்குத் தரும் கணக்கு என்று அது போகிறது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு மனைவி, கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சைக்கும் குடும்பத்துக்கும் பயன்படுத்த அனுமதி கேட்டார். தனி நீதிபதி சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார். இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி மனைவியையே பாதுகாவலராக நியமித்தது. விற்கவும் அனுமதித்தது. ஆனால் 50 இலட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்புத் தொகையாகப் போட்டு வட்டியை மட்டும் எடுக்க வேண்டும் என்று கட்டுப்பாடும் போட்டது. மனைவிக்கே கட்டுப்பாடு!

இந்த அலைச்சலில் பாதியை முன்கூட்டியே தவிர்க்கலாம். கூட்டு வியாபாரம் நடத்துகிறவர்கள், ஒரு பங்குதாரர் செயலிழந்தால் என்ன ஏற்பாடு என்று பங்குதாரர் பத்திரத்திலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் நீதிமன்றம் போய்ப் கூட்டைக் கலைக்கச் சொல்வதற்கு 1932ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. வீட்டுச் செலவுக்கான பேங்க் கணக்கு ஒருவர் பெயரில் மட்டும் இருக்க வேண்டாம். படுக்கையில் கிடப்பவரின் கட்டைவிரலை மையில் முக்கி ஹிபா எழுதும் வேலையை அடியோடு விடுங்கள். ஹிபா கொடுப்பவருக்குப் புத்தி தெளிவு இருக்க வேண்டும். மரண நோயில் கொடுத்தால் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தானாகச் செல்லாது.

எங்களுக்குப் பிறகு யார்?

இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. "அவன் பங்கைக் கொஞ்சம் கூட்டி உயில் எழுதுகிறேன்" என்பார்கள். வாரிசுக்கு வஸிய்யத் செய்தால், இறப்புக்குப் பிறகு மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் அது நிறைவேறும். உயிரோடு, தெளிவோடு இருக்கும்போது ஹிபாவாகக் கொடுத்தால் அந்தத் தடை இல்லை. மற்றப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள்; பின்னால் பகை வராது. உடல் அல்லது மனக்குறையால் சம்பாதிக்க முடியாத பிள்ளை மேஜரானாலும் தகப்பன் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை முதல் அது புதிய சட்டத்தின் 144ஆவது பிரிவில் இருக்கிறது.

"கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்" என்ற மருத்துவம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. பெண் வீட்டில் மறைத்து, ஏழை வீட்டுப் பிள்ளையைத் தேடிப் பிடித்து நிக்காஹ் செய்கிறார்கள். அந்தப் பெண் சம்பளமில்லாத நர்ஸாக வாழ்க்கையைக் கழிக்க வேண்டும் என்று திட்டம்! கணவருக்கு 2 வருடம் சித்தப்பிரமை இருந்தால் மண விடுதலை கேட்க 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் அந்தப் பெண்ணுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. அதற்கு முன்பே ஜமாஅத் தஃப்தரில் பதியும்போது ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பெண் நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை.

இன்னும் சிலர் கொண்டு போய் எங்காவது விட்டுவிடுகிறார்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின.  எல்லோருக்கும் எங்கோ ஒரு குடும்பம் இருந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95ஆவது பிரிவு தடை போட்டிருக்கிறது. பாதுகாவலர் சான்று கையில் இருந்தாலும் கட்ட முடியாது. வீட்டுத் தூணிலும் கட்ட முடியாது.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் மஹல்லாவில் 18 வயது தாண்டிய, பிறர் துணையில்லாமல் வாழ முடியாத எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய் எழுதுங்கள். அவர்களுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறதா? பேங்க் கணக்கு இருக்கிறதா? பாதுகாவலர் சான்று இருக்கிறதா? கலெக்டர் அலுவலகத்தோடு இணைந்த மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் பற்றிக் கேட்கலாம். ஊனத்துக்கான மருத்துவச் சான்று, பிறந்த தேதிக்கான ஆதாரம், இருவரின் ஆதார், ரேஷன் கார்டு, உறவுமுறைச் சான்று, புகைப்படங்கள் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள். உடன் பிறந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரின் சம்மதத்தையும் இப்போதே எழுதி வாங்குங்கள். வாப்பாவின் மய்யித்து போன பிறகு வாங்குவது கஷ்டம். எழுதத் தெரியாதவர்கள், வாசலில் இருக்கும் தம்பிகளிடம் பெயரும் தெருவும் கொடுத்துவிட்டுப் போங்கள். அடுத்த ஜும்ஆவுக்குள் வீட்டுக்கே வந்து எழுதிக் கொடுப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.